செம்பூர்ல இருந்து பாளையங்கோட்டைக்கு வீட்டு சாமான்: 27,500-ஐ நம்பலாமா?

ஒன்பதுபடி கொலு எழுதியது:

செம்பூர் செட்டா நகர்ல இருபத்து மூணு வருஷம் ஓட்டியாச்சு. வீட்டுக்காரர் போன மாசம் ரிடையர் ஆயிட்டார். பாளையங்கோட்டையில மாமியார் வீடு பூட்டிக் கிடக்கு, அடுத்த மாசம் 10-ம் தேதிக்குள்ள அங்க போய் பால் காய்ச்சணும்னு நாள் குறிச்சாச்சு. இங்க மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரெண்டு பீரோ, தேக்குப் பலகை ஊஞ்சல், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டில்டிங் கிரைண்டர், அவரோட பழைய பைக், அப்புறம் என் கொலு பொம்மை நூத்தி நாப்பது சொச்சம். அதுல பாதி எங்க பாட்டி காலத்து மண் பொம்மை, விரல் பட்டாலே மூக்கு போயிடும்.

ஒரு வெப்சைட்டுல போன் நம்பரைப் போட்டேன். அடுப்புல வச்ச பால் பொங்கறதுக்குள்ள பதினோரு கால். கடைசியில மூணு பேர் மிச்சம். ஒருத்தர் நேர்ல வந்து, கட்டிலுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பார்த்து எழுதிக்கிட்டு 62,000 சொன்னார். ரெண்டாவது ஆள் வீடியோ கால்ல வீட்டைச் சுத்திக் காட்டச் சொல்லி 41,000. மூணாவது ஆள் எதையும் பார்க்கல. வாட்ஸப்ல லிஸ்ட் அனுப்புங்க மேடம்னார், ரெண்டு நிமிஷத்துல 27,500-ன்னு வந்துடுச்சு. ஆனா 5,000 டோக்கன் இன்னிக்கு ராத்திரிக்குள்ள போடணுமாம், நாளைக்கு இந்த ரேட் கிடையாதாம். சாமான் மதிப்புல 3 சதவீதம் இன்ஷூரன்ஸ்னு தனியா வேற.

வீட்டுக்காரர் 27,500-ல ஒரே பிடியா நிக்கறார். அவர் காய்கறிக்காரன் தராசைக்கூட பார்க்க மாட்டார். எனக்குத்தான் வயித்தைக் கலக்குது. இங்க இருந்து ஊருக்கு சாமான் அனுப்பினவங்க யாராவது சொல்லுங்களேன்.


டோம்பிவிலி நைட் ஷிப்ட் எழுதியது:

டோக்கன் போட்டுட்டீங்களா? போடலைன்னா போடாதீங்க. போட்டிருந்தா 5,000 போச்சுன்னு தலை முழுகிடுங்க, அதுவே லாபம்.

நான் பட்டதைச் சொல்றேன். 2022-ல அப்பா போனதுக்கு அப்புறம் அம்மாவை முலுண்டுல இருந்து மதுரைக்கே அனுப்பிடலாம்னு முடிவு பண்ணினோம். 24,000-ன்னு ஒருத்தன் சொன்னான். நல்லா பேசினான், அம்மாவை "மாஜி, மாஜி"ன்னு. 4,000 டோக்கன் போட்டேன். காலைல 10 மணிக்கு வர்றேன்னவன் சாயங்காலம் நாலரைக்கு ஆள் அனுப்பினான். 14 அடி கண்டெய்னர்னு சொன்னது ஒரு பழைய டாடா 407 டெம்போவா வந்து நின்னுச்சு. மூணு சுத்து பபிள் ஷீட்டுன்னது நாலு பையனுங்க கையில பழைய மராத்தி பேப்பரும் ஒரே ஒரு டேப் ரோலுமா வந்துச்சு. இருட்டிடும், சொசைட்டி வாட்ச்மேன் ஆறு மணிக்கு மேல ஏத்த விடமாட்டான், அம்மா ஒரு பக்கம் அழுவுறாங்க. அந்த அவசரத்துல ஒருத்தன் நீட்டின காகிதத்துல கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் படிச்சேன், பொடி எழுத்துல "ஓனர்ஸ் ரிஸ்க்"னு இருந்துச்சு. எது உடைஞ்சாலும் என் தலைல.

மூணாம் நாள் புதுக் குரல் ஒண்ணு போன்ல. சாமான் 42 உருப்படின்னு சொன்னீங்க, 61 இருக்கு, எடை கூடிப்போச்சு, 18,500 போட்டாத்தான் வண்டி கிளம்பும், இல்லைன்னா தினமும் 500 குடோன் வாடகைன்னான். புக் பண்ணினவன் போன் சுவிட்ச் ஆஃப். கார்டுல போட்டிருந்த முகவரிக்கு நேர்ல போனேன். அங்க ஒரு சலூன். கையில கத்தரியோட வெளிய வந்தவர் என் மூஞ்சியப் பார்த்ததுமே, "இந்த மாசத்துல நீங்க ஆறாவது ஆள்"னார்.

காப்பாத்துனது என் அக்கா பையன். பாட்டி கேட்டாங்கன்னு டெம்போ கிளம்புறப்ப ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தான். கதவுல டெம்போக்காரர் நம்பர் பெயிண்ட்ல எழுதியிருந்துச்சு. கூப்பிட்டா அவர் மனுஷன் எங்களுக்கு மேல கொதிச்சுப்போய் இருக்காரு. முலுண்டுல இருந்து பிவண்டி வரைக்கும்தான் அவருக்குப் பேச்சாம், 2,800 ரூபாய், அதுல 800 இன்னும் வரலையாம். மதுரை எல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது. குடோனை அவரே கூட்டிட்டுப் போய்க் காட்டினார். மான்கோலி பக்கம், வெளிய போர்டு கிடையாது.

உள்ள ஏழு வீட்டுச் சாமான் ஒரே குவியலா கிடக்கு. இதுல உங்களுது எதுன்னு என்ன ஆதாரம்னு கேட்டான் குடோன்காரன். என்கிட்ட எல்ஆர், அதாவது லாரிக்காரங்க தர்ற சரக்கு ரசீது, இல்லை. கையில இருந்த லிஸ்ட்ல "பெட்டி 1 முதல் 42 வரை"ன்னு மட்டும்தான் இருக்கு. கூட வந்த போலீஸ்காரருக்கே என்ன பண்றதுன்னு தெரியல. அப்பதான் ஒரு அட்டைப் பெட்டி கிழிஞ்சு அம்மாவோட எவர்சில்வர் அண்டா பல்லைக் காட்டிட்டு இருந்ததைப் பார்த்தேன். வாய் ஓரத்துல புள்ளி புள்ளியா வெட்டின பேரு, பக்கத்துல கல்யாணத் தேதி, 12-6-1974. ஒவ்வொரு பெட்டியா பிரிச்சோம். சம்படம், தூக்கு, குத்துவிளக்குத் தட்டு, இட்லிக் கொப்பரை, இருபத்து மூணு பாத்திரத்துல அதே பேரு. அந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்துட்டு அந்த மராத்திக்கார போலீஸ்காரர் சிரிச்சுட்டார், "உங்காளுங்க பாத்திரத்துக்கே ஆதார் கார்டு போட்டுடுறீங்க"ன்னு. அப்புறம் 6,000 கொடுத்து எடுத்துட்டு வந்தோம். டிவி போச்சு, மிக்ஸி போச்சு. கிரைண்டர்ல கல்லு மட்டும் வந்துச்சு, தொட்டி வரல. கல்லை வச்சு அவன் என்ன பண்ணுவான்னு விட்டுட்டான் போல.

நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்: பேசறவன் ஒருத்தன், கட்டறவன் ஒருத்தன், ஓட்டறவன் ஒருத்தன். மூணு பேருக்கும் ஒருத்தனை ஒருத்தன் தெரியாது. சாமான் வண்டில ஏறுற வரைக்கும் நீங்க முதலாளி. ஏறின அடுத்த நிமிஷம் அது யார் கையில இருக்கோ அவன் முதலாளி. அதனால ரேட்டைப் பத்திக் கேக்குறதுக்கு முன்னாடி, பாளையங்கோட்டை வரைக்கும் ஓட்டிட்டுப் போறது யாரு, அந்தப் பேர்ல எனக்கு என்ன காகிதம் தருவேன்னு கேளுங்க. 27,500 ஆசாமி அந்தக் கேள்விக்கு என்ன சொல்றான்னு பாருங்க.


களம்போலி புக்கிங் எழுதியது:

அக்கா, நான் களம்போலியில லாரி புக்கிங் ஆபீஸ்ல பதினாலு வருஷமா இருக்கேன், சொந்த ஊரு சங்கரன்கோவில் பக்கம். டோம்பிவிலி அண்ணாச்சி சொன்னது அத்தனையும் நடக்குற கதைதான். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுதேன், ரேட் கம்மியா இருக்குறதாலேயே அவன் திருடன்னு ஆகிடாது. நாமக்கல், சங்ககிரி வண்டியெல்லாம் ஊர்ல இருந்து லோடு ஏத்திட்டு இங்க வருது. திரும்பிப் போக லோடு கிடைக்கலைன்னா நாள் கணக்குல நிக்கணும், டிரைவருக்கு பேட்டாதான் நஷ்டம். அப்படி நிக்குற வண்டிக்காரர் ரிட்டர்ன் லோடுக்கு நிஜமாவே குறைச்சுப் பேசுவார். ஆனா அவர் வண்டி நம்பரை முதல்லயே சொல்லிடுவார். இங்கதான் வண்டி நிக்குது, வந்து பாருங்கம்பார். வண்டி நம்பர் சொல்லாம ரேட் மட்டும் குறைக்கிறவன்தான் வில்லங்கம்.

எல்ஆர் எல்ஆர்னு எல்லாரும் சொல்லுதோம், அதுல என்ன பார்க்கணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வடக்கத்திக்காரங்க பில்டின்னு சொல்லுற அதே காகிதம்தான். நம்பர், தேதி, அனுப்புறவர் பேர், வாங்குறவர் பேர், எங்கிருந்து எங்க, எத்தனை உருப்படி, வண்டி நம்பர், வாடகை எவ்வளவு, அது கட்டியாச்சா இல்ல அங்க போய்க் கட்டணுமா, எல்லாம் இருக்கணும். சாமான் மதிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியா மட்டும் விட்டுடாதீங்க. 2007-ல வந்த கேரேஜ் பை ரோடு சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு 2011-ல விதிகள் போட்டாங்க. அதுப்படி சாமான் தொலைஞ்சா, உடைஞ்சா டிரான்ஸ்போர்ட்காரர் பொறுப்பு பொதுவா வாடகையில பத்து மடங்கு வரைக்கும்தான், அதுவும் நீங்க எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. 40,000 வாடகைன்னா உச்சம் நாலு லட்சம். நீங்க மதிப்பு ஒரு லட்சம்னு எழுதியிருந்தா ஒரு லட்சத்தோட நின்னுடும். இன்னொண்ணு, புக் பண்ணின நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுத்தாத்தான் அப்புறம் கேஸ் போட முடியும். போன்ல சண்டை போட்டதெல்லாம் கணக்குல வராது.

எடை கூடிப்போச்சுங்குறதும் பழைய பாட்டு. வீட்டுச் சாமானுக்கு எவன் எடை போட்டு வாடகை வாங்குதான்? இடம்தான் கணக்கு. 14 அடி வண்டி முழுசா எனக்கு, எடைக்கோ உருப்படிக்கோ தனியா கிடையாதுன்னு காகிதத்துல எழுதி வாங்குங்க. ஷேரிங்கில, அதாவது பல பேர் சாமானோட சேர்த்துப் போட்டா இன்னும் குறையும், ஆனா நடுவுல ரெண்டு குடோன்லயாவது இறக்கி ஏத்துவாங்க. உங்க பொம்மைக்கு அது ஆகாது. முழு வண்டின்னா நம்ம கண்ணு முன்னாடி ஏத்தினது புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், அப்புறம் கிருஷ்ணகிரியில திரும்பி சேலம், மதுரைன்னு நேரா வீட்டு வாசல்ல இறங்கும்.

இன்ஷூரன்ஸ் 3 சதவீதம் கேக்குறாங்களே, அது யாரோட பாலிசி? இன்ஷூரன்ஸ் கம்பெனி பேர், பாலிசி நம்பர், அதுல உங்க பேர், இந்த மூணும் இருந்தா குடுங்க. பில்லுல சும்மா ஒரு வரி "டிரான்சிட் இன்ஷூரன்ஸ்"னு போட்டிருந்தா அது அவன் பாக்கெட்டுக்குப் போவுது.


மாட்டுங்கா டிகிரி காபி எழுதியது:

சின்னதா ரெண்டு விஷயம். வழியில "ஈ-வே பில் (சரக்கு கொண்டு போக ஜிஎஸ்டியில எடுக்கற சீட்டு) இல்லை, அபராதம்"னு 3,000, 4,000 கேப்பாங்க. உபயோகிச்ச வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில்லே வேண்டாம், விதியிலயே விலக்கு இருக்கு. என் தங்கைகிட்ட ஆக்ட்ராய்னு, அதான் ஊருக்குள்ள சரக்கு நுழையறதுக்குப் போட்ட வரின்னு, கேட்டான் ஒருத்தன். மும்பை ஆக்ட்ராய் 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்த அன்னிக்கே செத்துப்போச்சுடா, கருமாதிக்கு வசூல் பண்றியான்னு கேட்டேன். போனை வச்சுட்டான்.

ஜிஎஸ்டி நம்பரை வாங்கி ஜிஎஸ்டி போர்ட்டல்ல நீங்களே தட்டிப் பாருங்க. முதல் ரெண்டு இலக்கம் மாநிலம். மகாராஷ்டிரா 27, தமிழ்நாடு 33, கர்நாடகா 29, டெல்லி 07. பதிவு பண்ணின பேர், என்னிக்குப் பதிவாச்சு, இப்போ உயிரோட இருக்கா ரத்தா, எல்லாம் வரும். பெரிய கம்பெனி பேரையே ஒரு எழுத்து மாத்தி, முன்னாடி "நியூ"ன்னோ பின்னாடி "கார்கோ"ன்னோ சேர்த்து வச்சுக்கிட்டு நூறு பேர் திரியறான். கார்டுல இருக்கற பேரும் போர்ட்டல்ல வர்ற பேரும் பணம் போடச் சொல்ற அக்கவுண்ட் பேரும் ஒண்ணா இருக்கணும். தனி ஆள் பேர்ல யுபிஐ கேட்டா அங்கேயே நிறுத்திக்கோங்க. பணம் திருப்பித் தர்றேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்கன்னா அது இன்னொரு திருட்டு. பணம் வாங்கறதுக்கு யாரும் பின் போடறதில்லை. ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு போன் பண்ணுங்க.

டோம்பிவிலி அண்ணா, நீங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலையா? நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணி இருக்கலாம். 2019 சட்டப்படி நாம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், அவன் ஆபீஸ் எங்க இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட ஆணையத்துல ஃபீஸும் கிடையாது.


டோம்பிவிலி நைட் ஷிப்ட் எழுதியது:

போகலை. அப்பா தவறின வருஷம் அது, அம்மாவுக்கு இடம் மாறின குழப்பம், விட்டுட்டேன். சாமானைப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பணம் கேக்குறது சிவில் தகராறு இல்லை, கிரிமினல்னு ஒரு வக்கீல் பின்னாடி சொன்னார். எடுத்துட்டுப் போறேன்னு வாங்கின சாமானை அமுக்குறதுக்குன்னே பழைய ஐபிசி சட்டத்துல தனிப் பிரிவு இருந்துச்சாம், 407. இப்போ அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 316-ல மூணாவது உட்பிரிவு. என்னை ஏமாத்தின டெம்போவும் 407, போட வேண்டிய செக்‌ஷனும் 407. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ஸ்டேஷன்ல நெஞ்சை நிமிர்த்திப் பேசியிருப்பேன்.


ஒன்பதுபடி கொலு எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. மூணு பேரையும் வரிசையா கூப்பிட்டேன், ஸ்பீக்கர்ல போட்டு வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வச்சு.

27,500 ஆசாமிகிட்ட எல்ஆர் கேட்டேன். "மேடம், இப்போ எல்லாம் டிஜிட்டல்"னார். வண்டி நம்பர் கேட்டேன், லோடு அன்னிக்குத்தான் தெரியுமாம். ஜிஎஸ்டி நம்பர் அனுப்பினார். ஆபீஸ் அந்தேரின்னு சொன்னவரோட நம்பர் 07-ல ஆரம்பிக்குது. சரி, தலைமை ஆபீஸ் டெல்லியா இருக்கலாமேன்னு தட்டிப் பார்த்தா பேரே வேற, அதுவும் ரத்து. வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை பார்த்தார். ஒண்ணும் சொல்லல, எழுந்து போய்க் குழாயை மூடிட்டு வந்தார். குழாய் திறந்தே இல்லை.

41,000-காரர் காகிதமெல்லாம் சரியாத்தான் இருக்கு. 27-ல ஆரம்பிக்குது, பேரும் ஒத்துப்போகுது. ஆனா ஷேரிங் லோடு, குடோன்ல இறக்குவோம்னு அவரே ஒத்துக்கிட்டார். பொய் சொல்லாததுக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு, ஆனா ஊஞ்சலை நினைச்சா மனசு வரல. நேர்ல வந்த 62,000-காரர்கிட்ட, பைக்கும் பொம்மையும் உங்க வண்டில இல்லைன்னேன். 54,000-க்கு இறங்கினார். 14 அடி வண்டி முழுசா, உருப்படி எத்தனை ஆனாலும் அதே வாடகைன்னு எழுதிக் கொடுக்கறாராம். 5,000 இப்போ, 25,000 ஏத்தி முடிச்சு எல்ஆர் கைக்கு வந்ததும், மிச்சம் பாளையங்கோட்டையில இறக்கினதும். களம்போலி தம்பி, இது சரிதானே? பைக்கை ரயில் பார்சல்ல போடலாம்னு இருக்கோம். பொம்மை எங்ககூட நாகர்கோவில் வண்டியில, பெட்டியை பர்த்துக்கு அடியில வச்சு.


களம்போலி புக்கிங் எழுதியது:

சரியா இருக்கு அக்கா. ஏத்துற அன்னிக்கு வண்டி நம்பர் எல்ஆர்ல இருக்கறதும் பிளேட்ல இருக்கறதும் ஒண்ணான்னு பார்த்து போட்டோ எடுங்க, மஞ்சள் பிளேட்டா இருக்கணும். டிரைவர் நம்பரை அவர் கையில இருக்கும்போதே ஒரு மிஸ்டு கால் குடுத்து வாங்கிக்கோங்க. லிஸ்ட்ல "பெட்டி 1"னு எழுத விடாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு எழுதணும். டிவியும் ஃப்ரிட்ஜும் ஓடுறதை ஒரு வீடியோ எடுங்க, இல்லைன்னா பழசு, ஏற்கெனவே ரிப்பேர்தான்னு சொல்லிடுவான். அங்க இறக்கும்போது எண்ணிப் பார்த்து, குறைஞ்சது உடைஞ்சதை அவங்க காப்பியிலயே எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

பைக்குக்கு ஆர்சி, இன்ஷூரன்ஸ், ஆதார் நகல் வேணும். டேங்கைச் சுத்தமா காலி பண்ணிடணும், பெட்ரோலோட வாங்க மாட்டான். கோணி சுத்தி, மேல ஊர் பேரைப் பெருசா எழுதுங்க. ஸ்லீப்பரோ தேர்டு ஏசியோ, ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ இலவசம். ரெண்டு டிக்கெட், எண்பது கிலோ. மண் பொம்மை அதுக்குள்ள அடங்கிடும்னு நினைக்கேன்.


ஒன்பதுபடி கொலு எழுதியது:

பழைய வேட்டியெல்லாம் கிழிச்சு பொம்மைக்குச் சுத்த ஆரம்பிச்சாச்சு. தசாவதாரத்துல இன்னிக்கு மச்சமும் கூர்மமும் முடிஞ்சது. பாத்திரத்தை எல்லாம் எடுத்துப் பார்த்தேன், பாதியில மாமியார் பேரு, பாதியில என் பேரு. டோம்பிவிலி அண்ணா கதையை வாசிச்சுக் காட்டினதுல இருந்து வீட்டுக்காரருக்குப் புதுக் கவலை. கிரைண்டர் தொட்டியில பேர் வெட்டுவீங்களான்னு மாட்டுங்கா பாத்திரக்கடையில போய்க் கேட்டுட்டு வந்திருக்கார். கடைக்காரர் ஒரு மாதிரியா பார்த்தாராம்.


டோம்பிவிலி நைட் ஷிப்ட் எழுதியது:

வெட்டச் சொல்லுங்க. ஒருவேளை கல்லு தொலைஞ்சா கவலைப்படாதீங்க, என்கிட்ட ஒண்ணு சும்மாதான் இருக்கு.